கடைசி முழத்துக் கம்பி

அண்மையில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளியொன்றில் கணிப்பொறியை இயக்கினர். ஒலியோ அடுத்த அறை ஒலிபெருக்கியிலிருந்து எழுந்தது! இரண்டுக்குமிடையே கம்பியில்லை. முன்பு இணைத்ததைக் கணிப்பொறி மறக்கவில்லை, அவ்வளவே. பிள்ளைகள் நகைத்தனர், எனக்குப் பழங்கதை நினைவுக்கு வந்தது.

1924ஆம் ஆண்டில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலியோர் சென்னையில் வானொலிச் சங்கம் நிறுவி ஒலிபரப்பினர். பொருள் முட்டுப்பாட்டால் 1927இல் அது நின்றது. அதன் கருவியைக்கொண்டு சென்னை மாநகராட்சி 1930இல் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. பெட்டி வாங்க இயலாதோரும் கேட்கும்படி கடற்கரை முதலிய பொதுவிடங்களில் ஒலிபெருக்கிகளை நாட்டியதே அதன் பெருஞ்செயல் என்பேன்.

இராசபாளையத்தில் சிறுவனாயிருந்தபோது நானும் பூங்காவில் அமர்ந்து அவ்வாறு செய்தி கேட்டவனே. வானொலிப் பெட்டி அறைக்குள். ஒலிபெருக்கி கம்பத்தின் உச்சியில். 1963இல் தோன்றிய திருநெல்வேலி நிலையத்திலிருந்து கம்பியின்றி வந்த குரலுக்குக் கடைசிச் சில முழங்களுக்குக் கம்பி வேண்டியிருந்தது! ஒருநாள் காற்றில் அது அறுந்தது. செய்தி கேட்க வந்த ஆலைத் தொழிலாளர் வாளா திரும்பினர்.

அந்த முழங்களையும் நீக்கியது புளூடூத். 1994இல் சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் தொடங்கிய முயற்சி, 1999இல் பொது நெறிமுறையாக வெளிவந்தது. அதுவும் வானொலி அலையே. நொடிக்கு ஏறத்தாழ 240 கோடி அதிர்வுகள். பிற கருவிகளின் இடையூற்றுக்குத் தப்ப, 79 தடங்களிடையே நொடிக்கு 1600 முறை தாவும். ஆயினும் இரு கருவிகளையும் முதலில் ஒன்றுக்கொன்று அறிமுகம் செய்வித்தல் வேண்டும்.

பள்ளியில் ஆசிரியர் பழைய இணைப்பை நீக்கித் தம் அறை ஒலிபெருக்கியைச் சேர்த்தார். பாடம் ஒலித்தது. அடுத்த அறைப் பிள்ளைகளோ, “எங்களுக்கும் கேட்கட்டுமே, ஐயா!” என்று வாயிலில் வந்து நின்றனர்.