திண்ணைப் பள்ளி முதல் வளரறி மதிப்பீடு வரை

மதுரை வட்டாரத்தில் பழைய திண்ணைப் பள்ளிகளுக்குத் தேர்வுத்தாள் கிடையாது. ஒவ்வொரு பிள்ளையும் பாடத்தை வாய்விட்டு ஒப்பிக்க, மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை கேட்டுத் திருத்துவான். அன்றாடப் பங்கேற்பே மதிப்பீடு. மாணவனே மாணவனைத் திருத்தும் இம்முறையைச் சென்னை எழும்பூரில் கையாண்ட பாதிரியார் ஆண்ட்ரூ பெல், 1797இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார்.

1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ பள்ளிகளின் நிலையைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். பெல்லாரி கலெக்டர் கேம்பெல் அனுப்பிய அறிக்கையில் ஒரு காட்சி: முதலில் வந்த பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதி பெயர், இரண்டாமவனுக்குச் சுழி, மூன்றாமவனுக்கு ஓர் அடி, அடுத்தடுத்து வந்தவர்களுக்கு அடி கூடிக்கொண்டே போகும். சீக்கிரம் வருவதையே படிப்பாகக் கொண்ட கொடுமையான அளவுகோல் இது.

காலனிக் காலத்தில் எழுத்துத் தேர்வு மேலோங்கியதும், வகுப்பில் பேசுவதற்கு மதிப்பெண் இல்லாமல் போனது. 2012–13இல் தமிழகத்தில் எட்டாம் வகுப்பு வரை வந்த முப்பருவ முறைதான் அதை மீட்டது. குழுச் செயல்பாடும் கலந்துரையாடலும் சிறுதேர்வும் சேர்ந்த வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவத் தேர்வுக்கு 60 மதிப்பெண் என ஒதுக்கப்பட்டது.

பள்ளிக்கு வருவதும் மீண்டும் அளவுகோலானது. 2020இல் கொரோனாவால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தானது. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 விழுக்காடும் வருகைக்கு 20 விழுக்காடும் தரப்பட்டன.