இலங்கையில் இலவசக் கல்வி: அதன் தோற்றமும் எல்லையும்

1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதலாந் திகதி தொடக்கம் இலங்கையில் பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் ஈறாகக் கல்வி இலவசமாயிற்று. இச்செய்தியைப் பாடநூல்கள் யாவும் கூறும். ஆயின் அதற்கு முந்திய நாள் வரை கட்டணங் கொடுத்துக் கற்றோர் யாவர், கொடாது கற்றோர் யாவர் என்னும் வினாவை அவை பெரும்பாலும் எழுப்புவதில்லை. அவ்வினாவுக்கு விடை காணாது, அன்று நிகழ்ந்தது யாது என்பதைச் செவ்வனே உணர்தல் அரிது.

பொதுவாகக் கருதப்படுவது போல, அன்று வரை கல்வி முழுவதும் விலைப்பொருளாய் இருந்ததில்லை. சிங்களத்திலுந் தமிழிலுங் கற்பித்த சுயபாஷைப் பாடசாலைகள் கட்டணம் வாங்கவில்லை. 1869இல் பொதுப் போதனைப் பகுதி தாபிக்கப்பட்ட பின்னர், அரசாங்கப் பாடசாலைகளும் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளும் கிராமங்கள்தோறும் பெருகின. ஏழைப் பிள்ளைகள் அவற்றிலே எழுத்தும் எண்ணும் கற்றனர். 1881இல் நூற்றுக்குப் பதினேழு பேரளவில் இருந்த எழுத்தறிவு, 1946இல் நூற்றுக்கு ஐம்பத்தெட்டை அணுகியது. இவ்வுயர்வின் பெரும்பங்கு இலவசக் கல்வித் திட்டத்துக்கு முந்தியதாகும்.

கட்டணம் வாங்கியவை ஆங்கில பாடசாலைகளே. அரசாங்க உத்தியோகம், வழக்கறிஞர் தொழில், வைத்தியம், பல்கலைக்கழகம் ஆகிய யாவற்றுக்கும் வாயில் ஆங்கிலமாயிருந்தது. ஆங்கிலம் அறிந்தோரோ நூற்றுக்குப் பத்துக்குங் குறைந்தவர். எனவே பள்ளிக் கட்டணம் என்பது கல்விக்கு இட்ட விலை அன்று. ஒருவகைப் பாடசாலையிலிருந்து மற்றொருவகைப் பாடசாலைக்குச் செல்லும் வழியிலே எழுப்பப்பட்ட சுவராகும். சுவருக்கு இப்புறத்தில் நின்ற பிள்ளை எத்துணை கூர்மதி உடையதாயினும், சுயபாஷை ஆசிரியர் பதவிக்கு அப்பால் அதன் எதிர்காலம் விரிதல் அரிதாயிருந்தது.

இவ்வுண்மைக்கு யாழ்ப்பாணத்துச் சைவர் வரலாற்றிலேயே தெளிவான சான்று உண்டு. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலை மாணாக்கரிடம் கட்டணம் வாங்காது நடைபெற்றது. வீடுதோறும் சேர்த்த பிடியரிசியும் அன்பர் நன்கொடையும் அதனைத் தாங்கின. அரசாங்க நன்கொடை 1870ஆம் ஆண்டளவிலேதான் கிடைத்தது. அதே நாவலர் 1872இல் சைவாங்கில வித்தியாசாலை ஒன்றையுந் தொடங்கினார். அது பொருள் முட்டுப்பாட்டினாற் சில ஆண்டுகளுள் மூடப்பட்டது. தமிழ்ப் பள்ளியைப் பிடியரிசி காத்தது. ஆங்கிலப் பள்ளியைக் காக்க அது போதவில்லை. ஆங்கிலம் அறிந்த ஆசிரியருக்குக் கொடுக்க வேண்டிய வேதனம் வேறு. எதிரே நின்ற மிசன் பாடசாலைகளின் வளம் வேறு. ஏற்கெனவே ஒரு பாடசாலை உள்ள இடத்துக்கு அண்மையிற் புதிதாக எழும் பாடசாலைக்கு நன்கொடை மறுக்கும் தூரவிதிகளும் பின்னாளிற் சைவருக்கும் பௌத்தருக்கும் இடையூறாயின.

பின்பு 1890ஆம் ஆண்டு முதல் இந்துக் கல்லூரி என்னும் பெயரால் வளர்ந்த கலாசாலையும், சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இலும் 1921இலும் தாபித்த இராமநாதன் கல்லூரி, பரமேசுவராக் கல்லூரி என்பனவும் அக்குறையை ஒருவாறு நிரப்பின. 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம், சு. இராசரத்தினம் அவர்களின் முயற்சியால் எண்ணிறந்த தமிழ்ப் பள்ளிகளைக் கட்டியது. ஆயினும் ஆங்கிலம் புகட்டிய சைவக் கல்லூரிகளும் மாணாக்கர் கட்டணத்தை நம்பியே நடந்தன. சமயம் மாறாமற் கற்கும் வசதியை அவை அளித்தன. வறியவனுக்கு வாயில் திறப்பது அவற்றின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதாயிருந்தது. இது அவற்றுக்கு இழுக்கன்று. தனியார் அறத்துக்குரிய எல்லை அதுவே.

1931இல் டொனமூர் அரசியற்றிட்டத்தின்படி சர்வசன வாக்குரிமை வந்தது. கட்டணங் கட்ட இயலாத தகப்பனுக்கும் வாக்கு ஒன்று கிடைத்தது. பிற்காலத்து மாறுதல்களுக்கெல்லாம் முதற்காரணம் இதுவென்றே கொள்ளல் வேண்டும். அரசாங்க சபையிற் கல்வி நிர்வாகக் குழுவின் தலைவராகி மந்திரிப் பதவி ஏற்ற சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா, 1947 வரை அப்பதவியில் இருந்தார். அம்பலாங்கொடையில் வெசுலியன் பாடசாலையிற் படித்துக்கொண்டிருந்த அவரது திறமையைக் கண்டு, காலி றிச்மன்ட் கல்லூரி அதிபர் டாரல் பாதிரியார் உபகாரச் சம்பளம் அளித்து அழைத்துச் சென்றார் என்பது நன்கறியப்பட்ட செய்தி. ஒரு பாதிரியாரின் பார்வை தற்செயலாகப் பட்டமையால் உயர்ந்த ஒருவர், அத்தற்செயலை விதியாக்க முற்பட்டார் எனலாம்.

1940இல் அவர் தலைமையில் அமைந்த விசேட கல்விக் குழு 1943இல் தன் அறிக்கையை வெளியிட்டது. கட்டணத்தை ஒழித்தல் அதன் விதப்புரைகளுள் ஒன்றேயாகும். ஆங்கில பாடசாலை, சுயபாஷைப் பாடசாலை என்னும் பிரிவு நாட்டை இரு சாதியாக்கிவிட்டது என்பதும், ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியே போதனாமொழியாதல் வேண்டும் என்பதும், ஐந்தாம் வகுப்பின் பின் பிள்ளைகளை அவரவர் ஆற்றலுக்கேற்ப மூவகை இடைநிலைப் பாடசாலைகளுக்குப் பிரித்தனுப்புதல் வேண்டும் என்பதும் அதன் ஏனைய கருத்துகள். இவற்றுள், தொழில்சார் பாடசாலைகளுக்குப் பிள்ளைகளைப் பிரிக்கும் தெரிவுமுறை வேரூன்றவில்லை. எல்லாப் பெற்றோரும் தத்தம் பிள்ளை உத்தியோகத்துக்குரிய கல்வியே பெறுதல் வேண்டும் என விரும்பினர். வாக்குரிமை உள்ள நாட்டில் இதை வேறுவிதமாக எதிர்பார்த்தல் பேதைமை.

1944ஆம் ஆண்டு மே மாதம் 30ஆந் திகதி கன்னங்கரா தம் பிரேரணையைச் சபையிற் கொண்டுவந்தார். உரோமாபுரியைச் செங்கல்லாகக் கண்டு சலவைக்கல்லாக விட்டுச்சென்றதாகப் பெருமை கொண்ட அகத்தசுச் சக்கரவர்த்தியை அவர் எடுத்துக்காட்டி, விலையுயர்ந்ததாயிருந்த கல்வியை மலிவாக்கிச் செல்வர் சொத்தை ஏழையர் முதுசமாக்கினோம் எனச் சொல்ல வல்லோமாயின் அதனினும் பெருமை எமக்குண்டு என்ற கருத்துப்படப் பேசினார். அவ்வணி அவருக்கே உரியதன்று. 1828இல் ஆங்கிலப் பாராளுமன்றத்தில் புறூம் என்பார் நீதிமன்றச் சீர்திருத்தம் பற்றிக் கூறியதன் எதிரொலி அது. கடன்வாங்கிய அணியாயினும், வாங்கியவர் கையிலேதான் அது நிலைபெற்றது. இலங்கையர் இன்று புறூமை நினைப்பதில்லை.

எதிர்ப்பு இரு திசையிலிருந்து வந்தது. இத்துணைச் செலவை நாடு தாங்குமா என்றனர் ஒரு சாரார். போர்க்காலத்து நிதிநிலையை நோக்குமிடத்து அது வீண் அச்சமன்று. மற்றச் சாரார் மிசன் பாடசாலைகளின் முகாமையாளர்கள். அவர்களுள் கத்தோலிக்கர் முன்னின்றனர். கட்டணத்தைக் கைவிட்டு அரசாங்கப் பணத்தையே முற்றாக நம்பும் பாடசாலை, நாளடைவில் அரசாங்கத்தின் பாடசாலையாகவே முடியும் என்பது அவர்கள் வாதம். அன்று அது செல்வர் நலத்தைக் காக்கும் சூழ்ச்சியென ஏளனஞ் செய்யப்பட்டது. அவ்வாதத்திற் சூழ்ச்சியும் இருந்திருக்கலாம். உண்மையும் இருந்தது என்பதைப் பதினைந்து ஆண்டுகள் காட்டின.

திட்டத்திற் சேர்ந்த பாடசாலைகளின் ஆசிரியர் வேதனத்தை அரசாங்கம் பொறுப்பேற்றது. சேருவதற்குரிய தவணை 1947க்குப் பின்னும் நீட்டப்பட்டு, 1951இல் முடிவுக்கு வந்தது. கல்கிசைப் பரிசுத்த தோமாவின் கல்லூரியும் கண்டித் திரித்துவக் கல்லூரியும் போன்றவை நன்கொடையைத் துறந்து கட்டணப் பாடசாலைகளாகவே நின்றன. அவ்வாறு நிற்பதற்குப் பழைய மாணவர் செல்வமும் நகரத்துப் பெற்றோர் வருவாயும் வேண்டும். அவை இல்லாத பாடசாலைகளுக்குத் திட்டத்திற் சேர்வதே வாழும் வழியாயிருந்தது. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தாலும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டத்தாலும் உதவி பெறும் பாடசாலைகளின் முகாமையும், பின்பு அவற்றின் உடைமையும் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. பிடியரிசியாலும் ஊரவர் உழைப்பாலும் எழுந்த சைவப் பள்ளிகளும் அவ்வலையில் அகப்பட்டன. வறிய பிள்ளை உள்ளே வருவதற்காக ஊர் தன் பள்ளியைக் கொடுத்தது எனின் அது மிகையாகாது. இக்கொடை தகுமா தகாதா என்பதில் அன்றிருந்த கருத்துவேறுபாடு முற்றாகத் தீர்ந்ததில்லை. எனினும் கட்டணமும் முகாமையும் வெவ்வேறு பொருள்கள். முன்னையதை ஒழிக்கப் பின்னையதைப் பறித்தல் இன்றியமையாததாயிருந்தது என எவரும் நிறுவியதில்லை.

திட்டத்தின் மிகச் சிறந்த பகுதி மத்திய பாடசாலைகளேயாகும். நகரத்தில் அன்றி நாட்டுப்புறத்தில், தேர்தற் றொகுதிக்கு ஒன்றென்னும் நோக்குடன் 54 பாடசாலைகள் தாபிக்கப்பட்டன. ஐந்தாம் வகுப்புப் பரீட்சையிற் சித்தியடைந்த வறிய பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளமும் விடுதியும் வழங்கப்பட்டன. கட்டணத்தை நீக்குதல் மட்டும் போதாது, பிள்ளைக்கு உண்டியும் உறையுளும் வேண்டும், பாடசாலை அப்பிள்ளை இருக்கும் திசைக்கு வருதல் வேண்டும் என்பதை உணர்ந்த ஏற்பாடு இது. மட்டக்களப்பில் வந்தாறுமூலை மத்திய கல்லூரி அவ்வகையினது. வயலும் ஆறுஞ் சூழ்ந்த அவ்வளாகத்திலேயே 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டு, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று.

ஏழைப் பிள்ளை ஆங்கில பாடசாலைக்குள் நுழைந்த வேளையிலேயே ஆங்கிலம் பாடசாலையை விட்டு வெளியேறத் தொடங்கியது. தாய்மொழிப் போதனை கீழ்வகுப்புகளிலிருந்து 1950களில் மேல்வகுப்புகளுக்கு ஏறி, 1960இல் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தையும் எட்டியது. கல்வி நோக்கில் இது நேரிது. ஆயின் உத்தியோகத்தின் மொழி 1956இல் சிங்களம் மட்டுமாயிற்று. தமிழில் இலவசமாகக் கற்று முடித்த இளைஞன், தகப்பன் காலத்தில் ஆங்கிலத்தால் அடைபட்டிருந்த அதே வாயில் வேறொரு மொழியால் அடைபட்டிருக்கக் கண்டான்.

பல்கலைக்கழகத்தின் நிலையும் இவ்வாறே. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது மாணாக்கர் தொகை 904. கட்டணம் நீங்கியதும் நாடெங்கும் இடைநிலைக் கல்வி பெருகியது. பல்கலைக்கழகம் அவ்விரைவில் விரியவில்லை. விரிந்தபோதும் கலைப்பீடமே பெரிதாயிற்று. மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் இடம் சிறிதாகவே இருந்தது. விஞ்ஞான ஆய்வுகூடங்களோ நகரங்களிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்த பழைய கல்லூரிகளிற் செறிந்து கிடந்தன. காசு கேட்காத வாயிலின் முன் கூட்டம் பெருகினால், உள்ளே விடுவோரைத் தெரியும் அதிகாரமே புதிய கட்டணம் ஆகிவிடுகின்றது. 1971 முதல் மொழிவாரியாகவும், அதன்பின் மாவட்டவாரியாகவும் வந்த தரப்படுத்தல் முறைகள் அவ்வாறு பிறந்தன. பின்தங்கிய மாவட்டத்துப் பிள்ளைக்குச் சலுகை அளித்தல் நியாயமே. மொழியை அளவுகோலாக்கியது நியாயமன்று. வேலையின்றி இருந்த படித்த சிங்கள இளைஞர் 1971இற் கிளர்ந்தனர். தரப்படுத்தலால் இடமிழந்த தமிழ் இளைஞர் அதே பத்தாண்டில் வேறு வழியை நாடினர். கட்டணம் இருந்த காலத்தில் இவ்விரு சாராருட் பலர் பல்கலைக்கழகத்தைக் கனவிலும் கருதியிரார்.

இலவச நூல்கள் 1980இலும், மகாபொல உபகாரச் சம்பளம் 1981இலும், இலவசச் சீருடை 1990களிலும் வந்து சேர்ந்தன. இவை யாவும் 1945இல் விடுபட்ட செலவுகளை ஒவ்வொன்றாக அடைத்தவை.

திட்டம் நெடுங்காலம் எட்டாத இடம் ஒன்றுண்டு. மலையகத்துத் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிற் பாடசாலை நடத்தும் பொறுப்பு 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டத்தாற் றோட்டத் துரைமாரிடம் விடப்பட்டிருந்தது. கொழுந்தெடுக்குந் தாய் வேலைக்குச் சென்ற பின் பிள்ளைகளைக் காக்கும் இடமாகவே பல தோட்டப் பாடசாலைகள் இருந்தன. ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிவு. அங்கே கட்டணம் என்றும் இருந்ததில்லை. ஆகவே 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி அங்கே எதுவும் மாறவில்லை. ஐந்தாம் வகுப்புக்கு மேல் அறையே இல்லாத பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் இலவசம் என்பதால் விளையும் பயன் யாது? 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்துக்குப் பின் அப்பிள்ளையின் பெற்றோரிடம் அதைக் கேட்பதற்குரிய வாக்கும் இல்லாமற் போயிற்று. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே, 1970களின் பிற்பகுதி தொடக்கம் தோட்டப் பாடசாலைகள் சிறிது சிறிதாகக் கல்விப் பகுதியின்கீழ் வந்தன. அவற்றுக்கு வேண்டிய ஆசிரியரைப் பயிற்றுதற்குக் கொட்டகலைக்கு அண்மையிலுள்ள பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தபோது, கன்னங்கராவின் பிரேரணை நிறைவேறி அரை நூற்றாண்டு ஆகிக்கொண்டிருந்தது.