ஊர் இல்லாத ஊர் வரலாறு

பெரிய மாமா எழுதிய எங்கள் ஊர் வரலாறு அச்சாகவே இல்லை. 2001-ல் டவுனில் ஒரு டிடிபி கடையில் கொடுத்து டைப் அடித்தார், ப்ரூஃப் திருத்தினார், அச்சுக்குப் பணம் சேரவில்லை. மிஞ்சியது ஒரு சிடி. அதன்மேல் அவர் கையெழுத்தில் ‘கடைசித் திருத்தம்’.

அம்மாவுக்கு அந்தப் புத்தகத்தின்மேல் தீராத கோபம். “எங்கண்ணன் ஊர்ல உள்ள எல்லாரையும் எழுதுனாரு. பெத்த தாயப் பத்தி ஒரு வரி எழுதலையாம்.” யாரோ சொல்லிக் கேட்டது. கண்மாய்த் தண்ணீரில் எங்கள் தெருவுக்கும் முறை வேண்டும் என்று பஞ்சாயத்தில் எழுந்து நின்று பேசியவள் அம்மாச்சி. அவளை விட்டுவிட்டு என்ன ஊர் வரலாறு?

மாமா இறந்து பல வருஷம் கழித்து சிடி என் கைக்கு வந்தது. கோப்பைத் திறந்தால் தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகக் கொட்டிக் கிடந்தது.

காரணம் நம் கணினித் தமிழின் வரலாறு. யூனிகோடு பரவுவதற்கு முன்பு, ஆங்கில எழுத்துக்கான இருக்கையில் தமிழ் எழுத்தின் படத்தை உட்கார வைத்துத்தான் எழுத்துருக்களைச் செய்தார்கள். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று நமக்குத் தெரிந்தால், கோப்புக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. இன்னொரு எழுத்துருவில் அதே இருக்கைகளில் வேறு எழுத்துகள் இருக்கும். எழுத்துரு போனால் மொழியே போச்சு.

இதைச் சரிசெய்ய உலகெங்கும் இருந்த தமிழர்கள் கூடிப் பேசி டிஸ்கி என்ற குறியேற்றத்தை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று இரண்டு தரங்கள் வந்தன. தீர்வுகளே பலவாகிப் போயின. இத்தனைக்கும் 1991-ல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. விண்டோஸ் 2000-க்குப் பிறகுதான் அது சாதாரணக் கணினிகளுக்கு வந்து சேர்ந்தது. தமிழக அரசு அதை ஏற்று ஆணையிட்டது 2010-ல். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம்கூட, டிஸ்கியில் சேர்த்த நூல்களைப் பின்னர் யூனிகோடுக்கு மாற்ற வேண்டியிருந்தது.

நானும் ஒரு மாற்றியைத் தேடிப்பிடித்தேன். அதன் வேலை சுலபமில்லை. ‘கொ’ என்பதைப் பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே வைத்திருக்கும்: கொம்பு, க, கால். யூனிகோடில் ‘க’தான் முதலில். அதை என் மாற்றி சரியாகவே செய்தது. ‘கௌரவம்’ மட்டும் ‘கெளரவம்’ ஆகியிருந்தது. ஔகாரக் குறிக்கும் ‘ள’வுக்கும் பழைய எழுத்துருவில் ஒரே இருக்கை. கையால் திருத்தினேன்.

பிறகு அம்மாச்சியின் பெயரைத் தேடினேன். வரலாறு என்பதால் சொந்தக்காரர்களையும் பெயர் சொல்லித்தான் எழுதுவார் மாமா. முடிவு: பூஜ்யம். படிக்காமல் ஏன் தேடினாய் என்று கேட்பீர்கள். நம் தலைமுறையின் பழக்கம், வேறென்ன. ‘நீ சொன்னது சரிதாம்மா’ என்று சொல்லப் போனை எடுத்தும்விட்டேன்.

ஏதோ உறுத்தியது. சும்மா ‘ஊர்’ என்று தேடிப் பார்த்தேன். அதுவும் பூஜ்யம். ஊர் வரலாற்றில் ஊர் இல்லை! ‘ஊருக்கு’ இருந்தது, ‘ஊரை’ இருந்தது. ‘ஊரில்’ இல்லை.

இந்த இரண்டையும் பாருங்கள்: ஊர், ஊா். சில எழுத்துருக்களில் அடியில் ஒரு சாய்கோடு வித்தியாசம் தெரியும். சிலவற்றில் அதுவும் தெரியாது. முதலாவதில் இருப்பது ரகரமும் புள்ளியும். இரண்டாவதில் இருப்பது துணைக்காலும் புள்ளியும். பழைய அச்சில் ர், ரி, ரீ மூன்றுக்கும் அடிக்கோடு கிடையாது, கால் மாதிரியேதான் இருக்கும். தட்டச்சு வழி வந்த எழுத்துருக்களும் அதே காலை வைத்தே சமாளித்தன. மாற்றி அதைக் காலாகவே எடுத்துக்கொண்டது. அம்மாச்சியின் பெயருக்கு நடுவிலும் ஒரு ‘ர்’ உண்டு.

இந்தக் குழப்பம் கணினியோடு பிறந்ததும் இல்லை. ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. ரகரமும் காலும் ஒரே வடிவம். கொம்பைப் பார்த்துக் குறிலா நெடிலா என்று சொல்ல முடியாது. உ.வே.சா. 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சுக்குக் கொண்டுவந்தபோது, இது ரவா காலா என்பதைப் பொருளையும் யாப்பையும் பிற ஏடுகளையும் பார்த்துத்தான் முடிவு செய்திருக்க வேண்டும். ஏட்டிலிருந்து காகிதத்துக்கு மாற்ற ஒருவர் உட்கார்ந்து படித்தார். நான் ஒரு பொத்தானை அழுத்தினேன்.

திருத்தம் என்னவோ ஐந்து நிமிஷ வேலைதான். தமிழில் காலை அடுத்துப் புள்ளியோ இகர, ஈகாரக் குறியோ வரவே வராது. ஆகவே மூலக் கோப்பைப் பத்திரமாக ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, ‘ா்’ வரும் இடமெல்லாம் ‘ர்’, ‘ாி’ வரும் இடமெல்லாம் ‘ரி’, ‘ாீ’ வரும் இடமெல்லாம் ‘ரீ’ என்று ஒட்டுமொத்தமாக மாற்றிவிடலாம். இணையத்தில் இன்றும் எத்தனையோ பக்கங்கள் இந்தக் காலும் புள்ளியுமாகவே கிடக்கின்றன. படித்தால் இருக்கும், தேடினால் இருக்காது.

மறுபடி அம்மாச்சியின் பெயரைத் தேடினேன். ஒன்பது இடங்கள். முதலாவது கண்மாய் அத்தியாயத்தில், பஞ்சாயத்து நடந்த அந்த நாள்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். “ஒம்பது எடத்துல இருக்கும்மா.” ரொம்ப நேரம் சத்தமே இல்லை. தேடிய இடங்களை மட்டும் வாசிக்கத் தொடங்கினேன். அம்மா நிறுத்தினாள்.

“அப்படி வேணாம். மொத வரியில இருந்து வாசி.”