நூறாயிரம்

பம்பலப்பிட்டித் தொடர்மாடி வீட்டில் ஒரு பின்னேரம், பாரிசுக்குப் போக ஆயத்தமாகும் என் பெறாமகள் பிரெஞ்சு எண்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கொப்பியில் 250 000 என்று எழுதியிருந்தது.

"ரெண்டரை இலட்சத்துக்குப் பிரெஞ்சில என்ன பெரியப்பா?"

"இலட்சத்துக்கு அங்க சொல்லே இல்லை பிள்ளை. தெ சான் சேங்காந்த் மில்."

முகம் வாடிவிட்டது. "இருநூற்றைம்பதாயிரம் எண்டு தமிழில சொல்லிப் பார்" என்றேன். உடனே பிடிபட்டது. 'சான்' நூறு, 'மில்' ஆயிரம். 'சான் மில்' அப்படியே நூறாயிரம்.

நூறாயிரம் நம்முடைய பழஞ்சொல். பெரியாழ்வாரின் திருப்பல்லாண்டு முதற்பாட்டிலேயே அது கோடியின் பக்கத்தில் நிற்கிறது. வடமொழி லக்ஷம் இலட்சமாகி வழக்கில் ஊன்றியபின் அது ஒதுங்கிப்போனது. எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது. கொழும்பில் காசோலையில் 250,000 என்று மும்மூன்றாகப் பிரித்து எழுதுகிறோம்; வாயோ ரெண்டரை இலட்சம் என்கிறது. கை ஒரு கணக்கு, வாய் ஒரு கணக்கு. நூறாயிரம் என்றால் இரண்டும் சேர்ந்துவிடும். பிரெஞ்சில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. ஆனால் அங்கே ஆயிரத்தைப் பிரிப்பது காற்புள்ளி அல்ல, இடைவெளி. காற்புள்ளி தசமத்துக்கு உரியது. 2,500 என்று எழுதினால் இரண்டரை ஆகிவிடும்.

மில்லியன், இத்தாலிய மொழியில் 'பெரிய ஆயிரம்' என்ற பொருளில் பிறந்த சொல். சிக்கல் பில்லியனில்தான். 1484இல் லியோன் நகரில் நிக்கோலா ஷுக்கே தம் கணித நூலில் அதை மில்லியன் மில்லியன், அதாவது இலட்சம் கோடி என்று வைத்தார். பிறகு பிரான்சிலேயே அது நூறு கோடியாகச் சுருங்கியது. அமெரிக்கா அந்தச் சுருங்கிய பொருளையே எடுத்துக்கொண்டது. 1961இல் பிரெஞ்சு அரசு ஆணை போட்டுப் பழைய இலட்சம் கோடிக்கே திரும்பியது. நூறு கோடிக்கு அங்கே 'மில்லியார்' என்ற தனிச்சொல் இருக்கிறது. பிரித்தானிய அரசோ 1974இல் எதிர்த்திசையில் போய் அமெரிக்கக் கணக்கை ஏற்றது. எங்கள் பத்திரிகைகள் வரவுசெலவுத் திட்டத்தில் எழுதும் பில்லியன் அந்த ஆங்கிலப் பில்லியன்தான். அதை அப்படியே பாரிசுக்குக் கொண்டுபோனால் தொகை ஆயிரம் மடங்காகிவிடும்.

பிள்ளையை அதிகம் வாட்டியது 95 000. 'கத்ர வேன் கேன்ஸ் மில்': நான்கு இருபது, பதினைந்து, ஆயிரம். இருபது இருபதாக எண்ணிய பழைய வழக்கின் மிச்சம் அது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஒன்பதாம் லூயி அரசன் பார்வையற்றோர் 300 பேருக்காக அமைத்த பாரிஸ் இல்லம், இன்று கண் மருத்துவமனையாக, 'பதினைந்து இருபது' என்ற பெயரிலேயே நிற்கிறது. பெல்ஜியத்திலும் சுவிற்சர்லாந்திலும் தொண்ணூறுக்கு 'நோனாந்த்' என்ற நேரான சொல் உண்டு.

"இதென்ன கோணல் கணக்கு?" என்றாள்.

"தொண்ணூறுக்குள்ள நூறு எப்பிடி வந்தது? தொள்ளாயிரத்துக்குள்ள ஆயிரம்?"

யோசித்தாள். ஒன்பதுக்குத் 'தொண்டு' என்றொரு பழந்தமிழ்ச் சொல் இருந்ததைச் சொன்னேன். கொப்பியின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் காலை பத்திரிகையை விரித்தபோது, முதற்பக்கத்தில் இருந்த பில்லியனுக்கு மேலே பென்சிலால் 'மில்லியார்' என்று எழுதியிருந்தது.