சர்க்கரை மட்டும் போதுமா?

எங்கள் பேரையூர்ப் பக்கத்தில் நீரிழிவுள்ள பெரியவர்களைக் கேட்டால், சென்ற மாதச் சர்க்கரை அளவை வாய்ப்பாடு போல ஒப்பிப்பார்கள். "பிரஷர் எவ்வளவு, ஐயா?" என்று கேட்டாலோ, "தலைச்சுற்றல் நின்றுவிட்டது, மாத்திரையையும் நிறுத்திவிட்டேன்" என்பார்கள். இது சரிதானா? வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போம்.

இங்கிலாந்துப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ், குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, குருதி 8 அடிக்கு மேல் ஏறி நிற்பதைக் கண்டார். இதை 1733-இல் நூலாக வெளியிட்டார். மனிதரிடம் இவ்வாறு செய்ய இயலாதல்லவா? 1896-இல் இத்தாலியரான ரிவா-ரோச்சி, புயத்தில் காற்றுப்பட்டை கட்டி, பாதரசத்தைக் கொண்டு அழுத்தத்தை அளந்தார். பாதரசம் நீரைப்போல் 13.6 மடங்கு அடர்த்தியுடையது. ஆகவே 140 மி.மீ. பாதரசம் என்பது சுமார் 190 செ.மீ. உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம், ஆளுயரத்துக்கும் மேல்! 1905-இல் ருஷ்ய மருத்துவர் கொரோட்காவ், தமனியின் ஒலியைக் கேட்டு மேலழுத்தம், கீழழுத்தம் இரண்டையும் அறியும் முறையைக் கூறினார்.

நீரிழிவுக்கு 1921-இல் இன்சுலின் கிடைத்தது. நோயாளிகள் நெடுநாள் வாழ்ந்தனர். ஆனால் இதயமும் இரத்தக் குழாய்களும் கெடுவது பெருஞ்சிக்கலாயிற்று. 1948-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். அடுத்த ஆண்டே பம்பாய் டாக்டர் ருஸ்தம் வகீல், நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை உலகுக்கு எடுத்துக் காட்டினார்.

இரண்டு நோயும் சேர்ந்தால் என்ன நேரும்? உட்புறம் அரித்துப்போன குழாயில் கிணற்று மோட்டார் நீரை வேகமாகத் தள்ளினால் குழாய் தாங்குமா? சர்க்கரை குழாயின் உட்சுவரைக் கெடுக்கிறது. மிகுந்த அழுத்தம் அதே சுவரை மோதுகிறது. இதயம், மூளை, சிறுநீரகம், கண் ஆகிய அனைத்தும் பாதிக்கப்படுகின்றன.

இதைச் சோதிக்க, பிரிட்டனின் பெரும் நீரிழிவு ஆய்வில் இரு நோயும் உடைய 1,148 பேரை இரு பிரிவாக்கினர். கண்டிப்பாகக் கட்டுப்படுத்திய பிரிவில் சராசரி அழுத்தம் 144/82, மற்றதில் 154/87. மேலழுத்தத்தில் வேறுபாடு 10 மி.மீ. மட்டுமே! ஆயினும் 1998-இல் வெளியான முடிவின்படி, முதற்பிரிவில் பக்கவாதம் 44 விழுக்காடும், நீரிழிவு தொடர்பான மரணங்கள் 32 விழுக்காடும் குறைந்திருந்தன.

கதை இத்துடன் முடியவில்லை. ஆய்வு நின்றபின் இரு பிரிவினரின் அழுத்தமும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டது. பின்தொடர்ந்து பார்த்து 2008-இல் வெளியிட்ட முடிவில், பெற்ற நன்மை நீடிக்கவில்லை என்று தெரிந்தது. சர்க்கரையைத் தொடக்கத்திலேயே கட்டுப்படுத்தியவர்களுக்கோ பலன் பின்னரும் தொடர்ந்தது. அழுத்தக் கட்டுப்பாடு சேமிப்புப் பணமன்று, அன்றாடக் கூலி. வேலையை விட்டால் கூலியும் நின்றுவிடும்.

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இவ்விரு நோய்க்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அதை விழுங்க வேண்டியவர் நாம்தாம். மருத்துவரைக் கேளாமல் நிறுத்துவது தகாது. மாணவர்களே, இன்று மாலை வீட்டுப் பெரியவர்களிடம் சர்க்கரையோடு அழுத்தத்தையும் கேட்பீர்களா?