கல்வராயன் மலை: வெள்ளாற்றின் தலைமாட்டில் நடைவழிகள்

கல்வராயன் மலை, தமிழ்நாட்டின் கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஜவ்வாது, சித்தேரி, சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படும் மலைத்தொகுதி. சுமார் 1,095 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த மலையின் பெரும்பகுதி இன்றைய கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் அடங்குகிறது. வடக்கே உள்ள சின்னக் கல்வராயன் சராசரியாக 2,700 அடி உயரம்; தெற்கே உள்ள பெரிய கல்வராயன் ஏறத்தாழ 4,000 அடி. காட்டுக்குள் ஒத்தையடிப் பாதையில் நடந்து, ஓடைகளைக் கடந்து, அருவியில் குளிக்க விரும்பும் கடலூர், சிதம்பரம் வட்டாரத்தாருக்கு எட்டும் தொலைவில் இருக்கும் உண்மையான மலைக்காடு இது.

கடலூர் மாவட்டத்துக்குள் மலை தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். கடலூர் நகரை ஒட்டிய கேப்பர் மலை, செம்மண்ணும் மணற்கல்லுமான ஒரு மேட்டுநிலம். மத்திய சிறைச்சாலை அதன் மேல்தான் இருக்கிறது. திருவந்திபுரத்தில் ஹயக்ரீவர் சன்னதி உள்ள ஔஷதகிரிக்கு ஏற 74 படிகள் போதும். அனுமன் தூக்கிச் சென்ற மலையிலிருந்து விழுந்த துண்டு அது என்று தலபுராணம் சொல்கிறது. விருத்தாசலத்துக்குப் பழமலை என்று பெயர் இருந்தாலும் அங்கே ஏறுவதற்கு மலை ஒன்றுமில்லை. ஆனால் இந்த மாவட்டத்தை நனைக்கும் தண்ணீரில் கணிசமான பங்கு கல்வராயன் சரிவுகளில் பெய்யும் மழை. மலை இல்லாத மாவட்டம் ஒரு மலையின் அடிவாரம் போலவே பிழைத்து வருகிறது.

ஆறுகள்

கோமுகி, மணிமுக்தா ஆகிய இரண்டும் இந்த மலையில் பிறப்பவை. கோமுகி கச்சிராயப்பாளையம் அருகே மலையை விட்டு இறங்கும் இடத்தில் 46 அடி உயரத்துக்கு நீர் தேக்கும் அணை இருக்கிறது. மணிமுக்தா அணையின் நீர்மட்ட உயரம் 36 அடி. மேற்குச் சரிவின் நீர் வசிஷ்ட நதிக்குப் போய் ஆத்தூர் வழியாக ஓடுகிறது. வசிஷ்ட நதியும் சுவேத நதியும் கலந்தபின் ஆறு வெள்ளாறு என்ற பெயர் பெறுகிறது. தொழுதூர், பெலாந்துறை, சேத்தியாத்தோப்பு அணைக்கட்டுகள் அதன் நீரை வயல்களுக்குத் திருப்புகின்றன. விருத்தாசலத்தைத் தொட்டு வரும் மணிமுக்தா, அதாவது மணிமுத்தாறு, திருக்கூடலையாற்றூரில் வெள்ளாற்றைச் சேர்கிறது. சுந்தரர் பாடிய தலம் அது. விருத்தாசலத்தில் பெற்ற பொன்னை இதே மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்ற கதையும் அவரைப் பற்றியதே.

வெள்ளாறு கடலில் கலப்பது சிதம்பரத்துக்குக் கிழக்கே பரங்கிப்பேட்டையில். முகத்துவாரத்துக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே பிச்சாவரம் அலையாத்திக் காடு வளர்ந்திருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் பரங்கிப்பேட்டைக் கரையில்தான் இருக்கிறது. ஜோசயா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830-களில் அந்த ஊரில் இரும்பாலை நடத்தினார். தாது வந்தது சேலத்திலிருந்து. உலைகள் எரிந்தது மரக்கரியில். மேட்டு நிலத்து மலையும் காடும் கடற்கரைக்கு நீரை மட்டும் அனுப்பவில்லை.

மலைப்பக்கம் கொட்டும் மழை கடலூரில் என்ன செய்யும் என்பதை 2024 டிசம்பர் காட்டியது. நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்த பின், கல்வராயனுக்கு வடமேற்கே ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட, மலைத்தொகுதிக்கு வடக்கே ஓடும் தென்பெண்ணை கடலூர்ப் புறநகர்க் குடியிருப்புகளை மூழ்கடித்தது.

தடங்களின் அமைப்பு

கல்வராயனில் நடப்பவர் முதலில் உணர்வது, ஏற்றம் முழுவதும் ஓரத்திலேயே முடிந்துவிடுகிறது என்பதை. மலை ஒரே கூம்பாக எழுவதில்லை. சார்னோக்கைட் என்னும் கடினப் பாறையாலான பீடபூமி அது. விளிம்பு செங்குத்து, மேலே அலையலையான சமவெளி. அதனால் இரண்டு மணி நேரம் மூச்சு வாங்க ஏறிய ஒருவர், சட்டென்று சாமையும் மரவள்ளியும் விளையும் காட்டுக்குள் நிற்பார். அருவிகளின் இரகசியமும் இதுவே. பீடபூமியில் அவசரமின்றி ஓடும் ஓடை, விளிம்புக்கு வந்ததும் பாறையிலிருந்து குதிக்கிறது. மேகம், பெரியார், கவியம் என, மலைமேல் உள்ள வெள்ளிமலை என்ற ஊரின் வட்டாரத்து அருவிகள் எல்லாம் இந்த வகை. ஆத்தூர்ப் பக்கத்தில் முட்டல் ஏரிக்கு மேலே விழும் ஆணைவாரி அருவியும் அப்படித்தான்.

பழைய தடங்களைப் போட்டவர்கள் உல்லாசப் பயணிகள் அல்லர். கடுக்காய், தேன், புளி ஆகியவற்றைத் தலைச்சுமையாக அடிவாரச் சந்தைக்குக் கொண்டுபோன மலையாளி மக்களின் கால்களே அவற்றைத் தேய்த்தன. இந்த மலையாளிகள் கேரளத்தவர் அல்லர். தமிழ் பேசும் பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பியரின் வழித்தோன்றல்கள் தாங்கள் என்பது அவர்கள் வழக்கு. சேர்வராயனிலும் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் அவர்களுக்கு உறவினர் உண்டு. கரியராமன் அவர்களது முக்கியத் தெய்வம்.

சுமார் 400 மீட்டர் உயரம் வரை முட்புதர்க் காடு. அதற்கு மேல் 800 மீட்டர் வரை இலையுதிர் காடு. அதையும் தாண்டிய ஈர மடிப்புகளில்தான் எப்போதும் பசுமையான சோலைத் திட்டுகள் எஞ்சியுள்ளன. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இலையுதிர் காடு மொட்டையாகி, சருகு முழங்கால் புதைய நிறைந்து, ஒரு பீடித் துண்டுக்குக் காத்திருக்கும். ஐப்பசி மழை தொடங்கித் தை வரை அருவிகளில் நீர் இருக்கும். சித்திரையில் போகிறவர் பெரும்பாலும் பாறையைத்தான் பார்த்துத் திரும்புவார்.

மலையின் ஆட்சி

இந்த மலை நீண்ட காலம் மூன்று ஜாகிர்களாக இருந்தது. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற பட்டப் பெயருடைய ஜாகிர்தாரர்கள் வரி வாங்கி, வழக்குத் தீர்த்து, காட்டையும் ஆண்டார்கள். இந்த உரிமை கிருஷ்ணதேவராயர் கொடுத்தது என்பது அவர்கள் கூற்று. ஜமீன் ஒழிப்பு நாடெங்கும் முடிந்து கால் நூற்றாண்டு ஆன பிறகு, 1976-இல்தான் அரசு ஜாகிர்களைக் கையகப்படுத்தியது. அப்போது மலையின் கிழக்குப் பாதி தென்னாற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. அதன் தலைநகர் கடலூர். மாவட்டம் 1993-இல் பிரிந்தபோது அந்தப் பாதி விழுப்புரத்துக்குப் போனது, 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சிக்கு. இப்போது வெள்ளிமலை தாலுகா தலைமையிடம்.

சுற்றுலாக் கட்டுரைகள் தவிர்க்கும் பக்கம் ஒன்றும் இருக்கிறது. மறைவான ஓடைக்கரைகள் கள்ளச்சாராய ஊறல் போடவும் வசதியானவை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பிறகு போலீஸ் தேடுதல் மலைக்குள் தீவிரமானது. அடுத்த சில வாரங்களில் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மக்களின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்து, சாலை, மருத்துவம், பள்ளி பற்றிக் கேள்வி கேட்டது. வெளியூர்க்காரர் ரசித்து நடக்கும் ஒத்தையடிப் பாதை, பிரசவ வலியெடுத்த பெண்ணைக் கட்டிலில் தூக்கிச் செல்பவருக்கு வெறும் சாலையில்லாக் குறைதான்.

விதிகளும் ஆபத்துகளும்

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு தமிழ்நாடு அரசு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும். தீப்பருவத்தில் தடங்கள் மூடப்படும். 2024 அக்டோபரில் அரசு 14 மாவட்டங்களில் 40 தடங்களை இணையவழிப் பதிவுக்குத் திறந்தது. அதிகத் தடங்கள் நீலகிரிக்கும் கோவைக்கும் கிடைத்தன.

கல்வராயனில் தீயைவிட நீரே அடிக்கடி ஆளைக் கொல்லப் பார்க்கிறது. அடிவாரத்தில் வெயில் அடிக்கும். மேலே பீடபூமியில் ஒரு மணி நேரம் மழை பெய்திருக்கும். காட்டாறு நிறம் மாறியதும் மட்டம் ஏறிவிடும். 2021 அக்டோபரில் ஆணைவாரி அருவியில் இப்படித்தான் ஒரு தாயும் கைக்குழந்தையும் பாறையில் சிக்கினர். கயிறு கட்டி அவர்களை மீட்டபின், உதவியவர்களில் இருவர் நீரில் விழுந்து நீந்திக் கரையேறினர். அந்தக் காணொளி நாடெங்கும் பரவியது. முதலமைச்சர் மீட்டவர்களைப் பாராட்டினார். ஓடை கலங்கலாக மாறினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், குளியலை அங்கேயே நிறுத்திவிட்டு மேட்டுக்கு ஏறுவதுதான் உள்ளூரார் பழக்கம். பாறைகளில் மலைத்தேனீ கட்டிய அடைகளுக்குக் கீழே புகை மூட்டுவதும் வாசனைத் திரவியம் பூசிப் போவதும் வம்பு. கரடி நடமாட்டம் விடியலிலும் அந்தியிலும் அதிகம் என்பதால், பகல் ஒன்பது மணிக்கு மேல் ஏறி நான்கு மணிக்குள் இறங்குவது வழக்கம்.

சிதம்பரத்திலிருந்து செல்பவர்களுக்குச் சேத்தியாத்தோப்பு, விருத்தாசலம் வழியாகக் கள்ளக்குறிச்சி செல்லும் பாதை வசதியானது. கடலூரிலிருந்து ரயிலில் வருவோர் விருத்தாசலம்–சேலம் தடத்தில் சின்னசேலத்திலோ ஆத்தூரிலோ இறங்கலாம். கச்சிராயப்பாளையத்திலிருந்து மலைப்பாதையில் வெள்ளிமலைக்குப் பேருந்து ஏறுகிறது. கரியாலூரில் படகுக் குழாமும் வனத்துறை விடுதியும் உள்ளன. வழிகாட்டியை வெள்ளிமலையிலேயே ஏற்பாடு செய்துகொள்வது நல்லது; அடிவாரத்தில் கிடைப்பவர்களுக்கு அருவி வரை போகும் சாலை தெரிந்திருக்கும், அருவிக்கு மேலே போகும் தடம் தெரிந்திருக்காது.