டைல்ஸுக்குப் பின்னால்: சில குறிப்புகள்

குளியலறைச் சுவரில் டைல்ஸ் பதிப்பது தண்ணீரைத் தடுக்கத்தான் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். அது முழு உண்மையல்ல. டைல்ஸின் பளபளப்பு நனையாது, சரி. ஆனால் இரண்டு டைல்ஸுக்கு இடையிலுள்ள சிமெண்ட் இணைப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கும். அதைத் தடுத்து நிறுத்துவது பின்னாலிருக்கும் பூச்சு. கீழே இறங்கியதை வெளியேற்றுவது தரையின் வாட்டம். கண்ணுக்குத் தெரிவது ஒன்று, வேலை செய்வது வேறொன்று. டைல்ஸின் வரலாற்றை இந்த இடத்திலிருந்து வாசிக்க முடியும் என்று நினைக்கிறேன்.

மொகஞ்சதாரோவில் 1925-26இல் தோண்டியெடுக்கப்பட்ட பெருங்குளம் ஏறத்தாழ 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம் கொண்டது. நெருக்கி அடுக்கிய சுட்ட செங்கல், ஜிப்சக் கலவை, அதற்குப் பின்னால் நிலக்கீல் பூச்சு. அந்நகரத்து வீடுகளிலும் தனியே குளிக்கும் மேடைகள் இருந்தன. செங்கல்லின் விளிம்பைத் தேய்த்து இடைவெளி தெரியாமல் பொருத்தி, தெருச் சாக்கடையை நோக்கி வாட்டம் கொடுத்திருக்கிறார்கள். நின்றபடி தலையில் நீரூற்றிக் குளிக்கும் இடம் எப்படி அமைய வேண்டும் என்பதற்கான தொழில்நுட்பம் 4,000 ஆண்டுகளுக்கு முன்பே முடிந்த விஷயம். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் மேற்பரப்பின் வரலாறு.

அந்த மேற்பரப்பைத் தொழிற்சாலைச் சரக்காக்கியது 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. ஈரம் குறைந்த களிமண் தூளை அழுத்திப் பண்டமாக்கும் முறைக்கு ரிச்சர்ட் பிராசர் 1840இல் காப்புரிமை பெற்றார். மின்டன் ஆலை அதை டைல்ஸுக்குப் பயன்படுத்தியது. பின்னால் 1880களில் ராபர்ட் கோக் காசநோய்க்கும் காலராவுக்கும் காரணமான கிருமிகளை அடையாளம் காட்டினார். நோய்க்குக் காரணம் கெட்ட காற்று என்ற பழைய எண்ணம் விழுந்தது. மருத்துவமனை, பால் கடை, 1904இல் திறந்த நியூயார்க் சுரங்க ரயில் நிலையம் என்று எங்கும் வெள்ளை டைல்ஸ் ஏறியது. வெள்ளையில் அழுக்கு உடனே தெரியும், அதான் அதன் அதிகாரம். தேய்த்துக் கழுவ ஒரு கை எப்போதும் தேவைப்படுகிறது. அந்தக் கை யாருடையது என்பதைச் சுகாதாரக் கதையாடல் பேசுவதில்லை.

அடுத்த திருப்பம் அமெரிக்காவில் நடந்தது. அதுவரை டைல்ஸ் பதிக்க ஓர் அங்குலக் கனத்துக்குக் கலவை வேண்டும். கலவை மெல்லியதாக இருந்தால் அதிலுள்ள நீரைச் சுவரும் டைல்ஸும் உறிஞ்சிவிடும், சிமெண்ட் இறுகாது. அந்தக் கனமான கலவையை மட்டமாக நிறுத்தக் கை பழக ஆண்டுகள் பிடிக்கும். நீரைப் பிடித்துவைக்கும் வேதிப்பொருளும் லேடெக்ஸும் கலந்த மெல்லிய கலவைகள் 1950களில் வந்தன. இதில் முன்னோடியான ஹென்றி ரோத்பர்க் 1956இல் லாட்டிக்ரீட் நிறுவனத்தைத் தொடங்கினார். சில மில்லிமீட்டர் போதும். பல் வைத்த கரணையால் இழுத்தால் கனம் தானாக ஒழுங்காகிவிடும். 'நீங்களே செய்யுங்கள்' என்பது 1954லேயே டைம் இதழின் அட்டைக்கு வந்துவிட்டிருந்தது. வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை தானே பதிக்கத் தொடங்கினார்.

இதை அந்நியமாதலிலிருந்து விடுதலை என்று கொண்டாடுபவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு உற்சாகமில்லை. கொத்தனாரின் விரலில் இருந்த அறிவில் ஒரு பகுதி மூட்டைக்குள் போய் விலைக்கு வந்தது என்பதும் இதே நிகழ்ச்சிதான். ஆனால் ஒரு பகுதிதான். என் வீட்டுக் குளியலறைச் சுவரை நானே பதித்தேன், பக்கத்துத் தெருக் கொத்தனார் ஒருவரிடம் கேட்டுக் கேட்டு. முதலில் தூக்குக்குண்டு விட்டுச் சுவரைப் பார்க்கச் சொன்னார். நீர்த்தடுப்புப் பூச்சு காய்ந்ததும் துவாரத்தை அடைத்து ஒருநாள் முழுக்கத் தண்ணீர் நிறுத்தச் சொன்னார். அடிவரிசையை விட்டுவிட்டு, மட்டமாக ஒரு சட்டம் அடித்து அதன்மேல் இரண்டாம் வரிசையிலிருந்து தொடங்கச் சொன்னார். "தரைய நம்பாதீங்க தம்பி, மட்டத்த நம்புங்க" என்றார். எந்த மூட்டையிலும் இது அச்சிடப்பட்டிருக்கவில்லை.

நம் ஊரில் இன்னும் பெரும்பாலும் டைல்ஸை ஊறப்போட்டு, முதுகில் கலவை அப்பித்தான் பதிக்கிறார்கள். அரை சதவீதத்துக்கு மேல் நீர் உறிஞ்சாத விட்ரிஃபைடு டைல்ஸ் வந்த பிறகு சிமெண்ட் பிடிப்பதில்லை, பசை மூட்டை இங்கேயும் வந்துவிட்டது. 'நீங்களே செய்யுங்கள்' மட்டும் வரவில்லை. கூலி மலிவு என்பது ஒரு காரணம். படித்தவன் கலவையைத் தொடுவதா என்பது அதைவிடப் பெரிய காரணம். மட்டம் பார்ப்பவனை மட்டமாகப் பார்க்கும் சமூகம் இது. கலவை சுமக்கும் சித்தாள் பெண்ணுக்கு வாழ்நாள் முழுக்கக் கரணை கொடுக்காத சமூகமும் இதுதான். டைல்ஸ் பதித்து முடித்த மறுநாள், பதித்தவர் கைகழுவ வெளிக்குழாய்க்குத்தான் போக வேண்டும். தீட்டு இப்போது சுகாதாரம் என்ற பெயரில் பேசுகிறது.

நம் டைல்ஸில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது. ஆலையிலும், இங்கே மெஷினில் வெட்டும்போதும் பறக்கும் சிலிக்கா தூசு நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ். வந்தால் திரும்பாத நோய். நீர் தெளித்து வெட்டினால் தூசு பெருமளவு அடங்கும். ஒரு வாளித் தண்ணீர்ச் செலவு. குளியலறை கட்டுகிறவர்கள் அதற்குக்கூடக் கணக்குப் பார்க்கிறோம்.

எல்லோரும் தானே பதிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு சதுர அடியாவது பதித்துப் பார்த்தவர், அடுத்த முறை கூலி பேசும்போது குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்.